‘மிட்’ குடும்பம்: ஒரு வேரில் கிளைத்த ஆங்கில வினைச்சொற்கள்

  

ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்வது கடற்கரை மணலை எண்ணுவது போன்றதென்று மாணவர் பலர் மலைக்கின்றனர். நாளொன்றுக்குப் பத்துச் சொற்களை ஏட்டில் எழுதி, எழுத்துக் கூட்டி, மறுநாள் ஒப்பிக்கின்றனர். அடுத்த வாரம் அவற்றுள் பாதி மறந்துபோகின்றது. இதற்கு நினைவாற்றலைக் குறை கூறுதல் தகாது. தனித்தனியே கிடக்கும் சொற்கள் மனத்தில் நிற்பது அரிது. உறவு தெரிந்த சொற்களே நிலைத்து நிற்கும். ஓர் ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவர் ஐம்பது முகங்களை ஒரே நாளில் நினைவில் வைத்தல் இயலாது. ‘இவர் இன்னாருடைய தம்பி, அவர் இன்னாருடைய மருமகள்’ என்று உறவு தெரிந்துவிட்டால் அதே ஐம்பது முகங்களும் எளிதில் பதிந்துவிடும். சொற்களுக்கும் அத்தகைய உறவுமுறை உண்டு.

அவ்வாறு உறவு கொண்டாடும் ஒரு சொற்குடும்பத்தை இக்கட்டுரையில் காண்போம். எம், ஐ, டி என்னும் மூன்று ஆங்கில எழுத்துகள் இதே வரிசையில் இறுதியில் நிற்கும் வினைச்சொற்கள் இவை. பெர்மிட், அட்மிட், சப்மிட், ரிமிட், டிரான்ஸ்மிட், எமிட், ஒமிட், கமிட் என்னும் எட்டும் இக்குடும்பத்தின் உறுப்பினர்கள். பள்ளிப் பாடத்தில் மட்டுமன்றித் தோட்டத்திலும், மருத்துவமனையிலும், வங்கியிலும், சம்பளச் சீட்டிலும் இவை நம்மை எதிர்கொள்கின்றன. ஆகவே மாணவரோடு பெற்றோரும் இவற்றைக் கற்றல் நலம்.

வேரும் திறவுகோலும்

ஆங்கிலம் தன் சொற்களுள் பெரும்பகுதியை இலத்தீன் மொழியிலிருந்தும், அம்மொழியின் வழிவந்த பிரெஞ்சு மொழியிலிருந்தும் பெற்றுக்கொண்டது. இலத்தீனில் ‘மித்தெரெ’ என்றொரு வினைச்சொல் உண்டு. ‘அனுப்பு, போகவிடு’ என்பன அதன் பொருள். அச்சொல்லே ஆங்கிலத்தில் ‘மிட்’ என்று குறுகி நிற்கின்றது. அதன் முன்னால் சேரும் சிறு உறுப்பை முன்னொட்டு என்போம். ‘மிட்’ என்பது செயலைச் சொல்லும். முன்னொட்டு அச்செயலின் திசையைச் சொல்லும்.

இக்குடும்பத்தைத் திறக்கும் திறவுகோல் தமிழ்க் குழந்தைகளின் கையிலேயே இருக்கின்றது. அதுதான் ‘விடு’ என்னும் நம் சொல். தூது விடுகிறோம், அம்பு விடுகிறோம், மூச்சு விடுகிறோம், பட்டம் விடுகிறோம். இங்கெல்லாம் ‘விடு’ என்பது அனுப்புதலையும் போகவிடுதலையும் குறிக்கின்றது. ‘தமிழ்விடு தூது’ என்னும் சிற்றிலக்கியத்தின் பெயரிலும் அப்பொருளே அமைந்துள்ளது. தமிழையே தூதாக அனுப்புதல் என்பது அத்தலைப்பின் கருத்து. ஆகவே ‘மிட்’ என்று கண்டவுடன் ‘விடு’ என்று எண்ணிக்கொள்க. உள்ளே விடு, வெளியே விடு, போக விடு, கடத்தி விடு, விட்டுவிடு, விட்டுக்கொடு என்று குடும்பம் முழுவதும் தானாகவே விரியும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. இலத்தீன் சொல் தமிழிலிருந்து பிறந்தது என்றோ, தமிழ்ச்சொல் இலத்தீனிலிருந்து வந்தது என்றோ எவரும் முடிவுகட்டுதல் கூடாது. இரு மொழிகளும் வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டு சொற்களின் பொருள் ஒரே வகையாக விரிந்திருக்கின்றது, அவ்வளவே. இருப்பினும் தாய்மொழியை நன்கு அறிந்த பிள்ளை பிறமொழியைக் கற்பது எளிது என்பதற்கு இஃதொரு நல்ல சான்று.

இனி ஒவ்வொரு சொல்லாகக் காண்போம்.

1. பெர்மிட்

‘பெர்’ என்பது ‘ஊடாக’ எனப் பொருள்படும். ஊடே போகவிடுதல், அதாவது இசைவு தருதல் என்பது சொல்லின் பொருள்.
தமிழ்: அனுமதி அளி, இசைவு கொடு.
ஒத்த சொற்கள்: அலோ, லெட்.

‘லெட்’ என்பது வீட்டில் பேசும் பேச்சு. ‘அலோ’ எங்கும் பொருந்தும். ‘பெர்மிட்’ என்பதில் சட்டத்தின் வாடை உண்டு. அறிவிப்புப் பலகைகளில் இச்சொல்லே பெரும்பாலும் காணப்படும். உச்சரிப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. அனுமதிச் சீட்டு என்னும் பெயர்ச்சொல்லாக வரும்போது ‘பெர்’ என்னும் முற்பகுதியை அழுத்திச் சொல்ல வேண்டும். அனுமதி கொடு என்னும் வினையாக வரும்போது ‘மிட்’ என்னும் பிற்பகுதியை அழுத்த வேண்டும்.

மலாய் மொழியும் ‘பெர்மிட்’ என்னும் பெயர்ச்சொல்லை அப்படியே ஏற்றுக்கொண்டுள்ளது. நம் முதியோருக்கு இச்சொல்லை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதவர்கள் குறிப்பிட்ட வேலைகளைச் செய்வதற்கு வேலைப் பெர்மிட் பெறுதல் வேண்டும் என்று விதித்தது. 1969ஆம் ஆண்டிற்குப் பின்னர், நெடுங்காலம் தோட்டங்களில் உழைத்த தமிழர் பல்லாயிரவர் குடியுரிமையும் பெர்மிட்டும் இன்றி வேலை இழந்து தமிழகம் திரும்பினர். ஒரு சொல்லும் அது அச்சிடப்பட்ட ஒரு தாளும் ஒரு குடும்பம் இருப்பதா, புறப்படுவதா என்பதைத் தீர்மானித்த காலம் அது. சொற்பொருள் அறிதல் தேர்வுக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுமோ?

2. அட்மிட்

‘அட்’ என்பது ‘நோக்கி’ எனப் பொருள்படும். தன்னை நோக்கி வரவிடுதல், உள்ளே விடுதல் என்பது முதற்பொருள்.
தமிழ்: சேர்த்துக்கொள், உள்ளே விடு, ஒப்புக்கொள்.
ஒத்த சொற்கள்: முதற்பொருளுக்கு ‘லெட் இன்’. இரண்டாம் பொருளுக்கு ‘கன்ஃபெஸ்’, ‘அக்னாலெஜ்’.

பிள்ளையைப் பள்ளியில் ‘அட்மிட்’ செய்கிறோம். நோயாளியை மருத்துவமனையில் ‘அட்மிட்’ செய்கின்றனர். இவை உள்ளே விடுதல் என்னும் பொருளன. ‘ஐ அட்மிட்’ என்று ஒருவர் சொன்னாலோ, ‘இது உண்மைதான், நான் ஒப்புக்கொள்கிறேன்’ என்பது பொருள். ஓர் உண்மையைத் தன் வாயிலிருந்து போகவிடாமல் அடக்கி வைத்திருந்தவர், இப்போது அதனை உண்மையென்று ஏற்று உள்ளே விடுகிறார் என்று கருதிக்கொள்க. ஒரே சொல், மருத்துவமனையில் ஆறுதலாகவும் விசாரணையில் குற்ற ஒப்புதலாகவும் வருகின்றது. இதனைப் பின்னர் மீண்டும் காண்போம்.

3. சப்மிட்

‘சப்’ என்பது ‘கீழே’ எனப் பொருள்படும். ஒருவரின் பார்வைக்குக் கீழே, அதிகாரத்துக்குக் கீழே வைத்தல் என்பது கருத்து.
தமிழ்: சமர்ப்பி, ஒப்படை, பணிந்துபோ, விட்டுக்கொடு.
ஒத்த சொற்கள்: ‘ஹேண்ட் இன்’, ‘பிரசென்ட்’, பணிதல் பொருளுக்கு ‘யீல்ட்’, ‘சரண்டர்’.

மாணவர் வீட்டுப்பாட ஏட்டை ஆசிரியரிடம் சப்மிட் செய்கின்றனர். தந்தையார் உதவித்தொகைப் பாரத்தைச் சப்மிட் செய்கிறார். போரில் தோற்ற மன்னன் வென்றவனுக்குச் சப்மிட் செய்கிறான். முதல் இரண்டிலும் தாள் கீழே வைக்கப்படுகின்றது. மூன்றாவதில் தலை தாழ்கின்றது. ஏட்டைக் கொடுப்பதற்குச் ‘சரண்டர்’ என்று எழுதினால் படிப்பவர் நகைப்பர்.

4. ரிமிட்

‘ரி’ என்பது ‘திரும்ப’ எனப் பொருள்படும்.
தமிழ்: பணம் அனுப்பு, செலுத்து, தண்டனையையோ கடனையோ விட்டுவிடு.
ஒத்த சொற்கள்: ‘செண்ட்’, ‘பே’, தள்ளுபடிப் பொருளுக்கு ‘கேன்சல்’, ‘பார்டன்’.

அந்நாளில் பால்மரம் வெட்டிய நம் முன்னோர், வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்த பணத்தைத் தமிழ்நாட்டு உறவினருக்கு மணியார்டர் வழி அனுப்பினர். அதுவே ரிமிட் செய்தல். இன்று நம் வட்டாரச் செம்பனைத் தோட்டங்களில் உழைக்கும் அயல்நாட்டவர் தத்தம் தாய்நாட்டுக்குப் பணம் அனுப்புவதும் அதுவே. கையைவிட்டுப் போகவிடுதல் என்னும் பொருள் இங்குத் தெளிவாகத் தெரிகின்றது. சிறைத் தண்டனையில் ஒரு பகுதியைக் குறைத்து விட்டுவிடுதலும் இச்சொல்லின் வழிவந்த ‘ரிமிஷன்’ என்பதால் குறிக்கப்படும்.

5. டிரான்ஸ்மிட்

‘டிரான்ஸ்’ என்பது ‘கடந்து, குறுக்கே’ எனப் பொருள்படும். ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கடத்திவிடுதல்.
தமிழ்: கடத்து, பரப்பு, ஒலிபரப்பு.
ஒத்த சொற்கள்: ‘செண்ட்’, ‘பாஸ் ஆன்’; நோய்க்கு ‘ஸ்பிரெட்’.

பொந்தியானுக்குக் கிழக்கே எழும் குனோங் பூலாய் மலையின் உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரங்கள் நிற்கின்றன. வானொலி, தொலைக்காட்சி அலைகளை நாற்றிசைக்கும் கடத்திவிடுவது இத்தகைய கோபுரங்களின் பணி. அப்பணியே டிரான்ஸ்மிட் செய்தல்.

நோய்க்கும் இச்சொல் வழங்கும். கொசுவே மலேரியாவைக் கடத்துகின்றது என்பதற்கான சான்றை ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர் 1897ஆம் ஆண்டு இந்தியாவின் செகந்திராபாத்தில் கண்டறிந்தார். அதற்காக அவருக்கு 1902இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அவ்வறிவைக்கொண்டு நம் நாட்டின் கிள்ளான் பகுதியில் டாக்டர் மால்கம் வாட்சன் 1901ஆம் ஆண்டு முதல் சதுப்பு நிலங்களின் நீரை வடியச் செய்து மலேரியாவைக் கட்டுப்படுத்தினார். தோட்டங்களில் காய்ச்சலால் மடிந்துகொண்டிருந்த தொழிலாளர்க்கு அது வாழ்வளித்தது. இன்று ஏடிஸ் கொசு டிங்கிக் காய்ச்சலை டிரான்ஸ்மிட் செய்கின்றது. வீட்டைச் சுற்றி நீர் தேங்க விடாதீர் என்று சுகாதார இலாகா வற்புறுத்துவது இதனாலேயே.

6. எமிட்

‘எ’ என்னும் முன்னொட்டு ‘வெளியே’ எனப் பொருள்படும்.
தமிழ்: வெளிவிடு, உமிழ்.
ஒத்த சொற்கள்: ‘கிவ் அவுட்’, ‘ரிலீஸ்’, ‘டிஸ்சார்ஜ்’.

கதிரவன் ஒளியை எமிட் செய்கிறான். செம்பனை ஆலையின் புகைபோக்கி புகையை எமிட் செய்கின்றது. ஒளி, வெப்பம், புகை, ஓசை, மணம் ஆகியவற்றுக்கே இச்சொல் பொருந்தும். பள்ளி விட்டதும் பிள்ளைகள் வெளியே வருவதற்கு இதனைப் பயன்படுத்தலாகாது.

7. ஒமிட்

இதன் முதலெழுத்து, ‘ஒப்’ என்னும் முன்னொட்டின் குறுக்கம்.
தமிழ்: விட்டுவிடு, சேர்க்காமல் விடு.
ஒத்த சொற்கள்: ‘லீவ் அவுட்’, ‘ஸ்கிப்’.

எமிட், ஒமிட் என்னும் இரண்டுக்கும் எழுத்தில் வேறுபாடு ஒன்றே. பொருளில் வேறுபாடு பெரிது. பாரம் நிரப்பும்போது இச்சொல்லை நினைவிற் கொள்க. நம்மவர் பெயரிடையே ‘அனாக் லெலாக்கி’ என்பதன் சுருக்கமாகிய ‘ஏ எல்’ என்பதோ, ‘அனாக் பெரெம்புவான்’ என்பதன் சுருக்கமாகிய ‘ஏ பி’ என்பதோ வரும். பிறப்புப் பத்திரத்தில் ஓரெழுத்து விடுபட்டாலும், அடையாள அட்டை எடுக்கும் பருவத்தில் அலைச்சல் நேரும். ஒன்றையும் ஒமிட் செய்யாது எழுதுதல் நற்பழக்கம்.

8. கமிட்

‘கம்’ என்பது ‘ஒருங்கே’ எனப் பொருள்படும். ஒன்றைச் சேர்த்து ஒருவர் பொறுப்பில் விடுதல் என்பது பழம்பொருள்.
தமிழ்: பொறுப்பில் விடு, உறுதி அளி, குற்றம் இழை.
ஒத்த சொற்கள்: முறையே ‘என்ட்ரஸ்ட்’, ‘பிளெட்ஜ்’, ‘டூ’.

நல்லதைச் செய்வதற்கு இச்சொல் வழங்குவதில்லை. குற்றம், தவறு ஆகியவற்றைச் செய்தலுக்கே ‘கமிட்’ வரும். உதவி செய்தார் என்று சொல்ல இதனைப் பயன்படுத்தினால் பொருள் கெடும். ஒரு பணியில் முழுமனத்தோடு தன்னை ஒப்படைத்தவரை மலாய் மொழியிலும் ‘கோமிட்டெட்’ என்பர். எழுத்துக்கூட்டலில் ‘எம்’ இரண்டு, ‘டி’ ஒன்று. ‘கமிட்டி’ என்னும் பெயர்ச்சொல்லிலோ ‘எம்’ இரண்டு, ‘டி’ இரண்டு, ‘ஈ’ இரண்டு. கூட்டாக அமரும் குழுவன்றோ, எழுத்துகளும் இணை இணையாக அமர்ந்தன என்று நினைவில் வைத்துக்கொள்க.

மாறுவேடம் பூண்ட உறவினர்

இலத்தீன் மூலச்சொல், இறந்தகாலப் பொருளில் ‘மிஸ்’ என்று உருமாறும். ஆகவே இவ்வினைகள் பெயர்ச்சொல்லாகும்போது ‘மிட்’ மறைந்து ‘மிஷன்’ தோன்றும். பெர்மிட் பெர்மிஷனாகும், அட்மிட் அட்மிஷனாகும், சப்மிட் சப்மிஷனாகும், டிரான்ஸ்மிட் டிரான்ஸ்மிஷனாகும், எமிட் எமிஷனாகும், ஒமிட் ஒமிஷனாகும். மலாய் மொழியின் ‘எமிசி’, ‘டிரான்ஸ்மிசி’ என்னும் சொற்களும் இவற்றின் உடன்பிறப்புகளே.

‘மிஸ்’ என்னும் இவ்வுருவத்தைத் தாங்கி நிற்கும் வினை ஒன்று உண்டு. அதுவே ‘டிஸ்மிஸ்’. ‘டிஸ்’ என்பது ‘அப்பால்’ எனப் பொருள்படும். அப்பால் அனுப்பிவிடு என்பது பொருள். வகுப்பு முடிந்ததும் ஆசிரியர் மாணவரை வீட்டுக்கு அனுப்புவதும் டிஸ்மிஸ்தான். தொழிலாளியை வேலையைவிட்டு நீக்குவதும் டிஸ்மிஸ்தான். ‘சாக்’, ‘ஃபயர்’ என்பன அதன் பேச்சுவழக்குச் சொற்கள். வானில் செலுத்தப்படும் ‘மிசைல்’, அனுப்பப்படும் செய்தியாகிய ‘மெசேஜ்’ ஆகியனவும் இக்குடும்பத்தனவே. சாப்பாட்டுக் கடையை ‘மெஸ்’ என்கிறோமே, அச்சொல்லும் உணவு மேசைக்கு அனுப்பப்பட்ட பண்டம் என்னும் பொருளில் இவ்வேரிலிருந்து கிளைத்ததே.

உறவல்லாதவர் இருவர்

எழுத்து ஒத்திருப்பதனால் மட்டும் உறவு ஏற்பட்டுவிடாது. ‘லிமிட்’, ‘வாமிட்’ என்னும் இரு வினைகளும் எம், ஐ, டி என்றே முடிகின்றன. எல்லை வகு என்பது முன்னதன் பொருள். வாந்தியெடு என்பது பின்னதன் பொருள். ‘லிமிட்’ எல்லையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்தும், ‘வாமிட்’ கக்குதலைக் குறிக்கும் வேறொரு சொல்லிலிருந்தும் வந்தன. இவற்றில் ‘மிட்’ என்பது முன்னொட்டு சேர்ந்த வேர்ச்சொல் அன்று; தற்செயலாக நேர்ந்த எழுத்துச் சேர்க்கை.

உறவினரையும் அயலாரையும் பிரித்தறிய மூன்று சோதனைகள் உள்ளன.

முதலாவது, பெயர்ச்சொல்லாக்கிப் பார்த்தல். உறவினர் ‘மிஷன்’ என்று முடிவர். ‘லிமிட்’ என்பதோ ‘லிமிட்டேஷன்’ ஆகும்.

இரண்டாவது, உச்சரித்துப் பார்த்தல். உறவினரில் ‘மிட்’ என்னும் இறுதிப்பகுதியே அழுத்தம் பெறும். லிமிட், வாமிட் ஆகியவற்றில் முதற்பகுதி அழுத்தம் பெறும்.

மூன்றாவது, இறந்தகாலத்தை எழுதிப் பார்த்தல். உறவினர் அனைவருக்கும் இறுதி ‘டி’ இரட்டிக்கும். பெர்மிட்டெட், அட்மிட்டெட், சப்மிட்டெட் என்பவற்றில் ‘டி’ இருமுறை வரும். லிமிடெட், வாமிடெட் என்பவற்றில் ஒருமுறையே வரும். அழுத்தம் இறுதியில் இருந்தால் இரட்டிக்கும். முதலில் இருந்தால் இரட்டிக்காது என்பது விதி. பழைய கம்பெனிப் பலகைகளில் ‘லிமிடெட்’ என்று எழுதப்பட்டிருப்பதை நோக்குக. அங்கு ‘டி’ ஒன்றே காணப்படும். இவ்விதியை அறிந்த மாணவர் எழுத்துப் பிழையால் மதிப்பெண் இழப்பதற்கு இடமிராது.

ஒத்த சொற்கள் எல்லாம் ஒரே சொல்லாகுமா?

ஒத்த பொருளுடைய சொற்களை அடுக்கி மனப்பாடம் செய்த மாணவர், ஒன்றிருந்த இடத்தில் மற்றொன்றை வைத்துவிடலாம் என்று எண்ணுவர். அவ்வாறு கருதுதல் தவறு. வெட்டுதல், அரிதல், நறுக்குதல், கொய்தல் ஆகிய நான்கும் தமிழில் ஒத்த பொருளனவே. ஆயினும் பால்மரத்தை வெட்டுவர், வெங்காயத்தை நறுக்குவர், மலரைக் கொய்வர். மலரை வெட்டினார் என்று எவரும் எழுதார். ஆங்கிலமும் அத்தகையதே. வாக்கியத்தை முழுவதும் படித்த பின்னரே எந்த ஒத்த சொல் பொருந்தும் என்று துணிதல் வேண்டும்.

வேலை நீக்கம் பற்றிய சொற்களில் இவ்வேறுபாடு பணத்தைத் தொடும். ‘டிஸ்மிஸ்’ என்பதும் ‘லே ஆஃப்’ என்பதும் வேலை போயிற்று என்னும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன என்று தோன்றும். தொழிலாளர் சட்டத்தில் இரண்டும் வேறு. ஒழுங்கீனம் காரணமாக, முறையான விசாரணைக்குப் பின் நீக்குதல் டிஸ்மிஸ். தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்பு நிலமாவது போன்ற காரணங்களால் ஆட்குறைப்புச் செய்தல் லே ஆஃப் வகையைச் சாரும். ஆட்குறைப்புக்கு உள்ளானவர்க்கு 1980ஆம் ஆண்டின் விதிமுறைகளின்படி இழப்பீடு உண்டு. சேவை ஓராண்டுக்குக் குறையாமலும் இரண்டு ஆண்டுகளுக்கு உட்பட்டும் இருப்பின், ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்தாண்டுக்கு உட்பட்டிருப்பின் 15 நாள் சம்பளம். ஐந்தாண்டும் அதற்கு மேலும் ஆயின் 20 நாள் சம்பளம். இருபது ஆண்டுகள் உழைத்த ஒருவர்க்கு இருபது இருபது நானூறு நாள் சம்பளம் என்று கணக்கு வரும். ஒழுங்கீனத்திற்காக டிஸ்மிஸ் செய்யப்பட்டவர்க்கு இவ்விழப்பீடு இல்லை. கடிதத்தில் உள்ள ஒரு சொல்லின் விலை நானூறு நாள் உழைப்பு!

கையொப்பம் இடுவதற்கு முன்னர்

முற்காலத்தில் ஆங்கிலக் கடிதம் வந்தால் தோட்டத்துக் கிராணியாரைத் தேடிச் செல்வர். இன்று அரசாங்கக் கடிதங்கள் மலாயில் வருகின்றன. ஆயினும் கம்பெனிக் கடிதம், காப்புறுதிப் பத்திரம், மருத்துவக் குறிப்பு, வங்கித் தாள் ஆகியவை ஆங்கிலத்திலும் வருகின்றன. பல வீடுகளில் ஐந்தாம், ஆறாம் ஆண்டு பயிலும் பிள்ளையே அவற்றை வாசிக்கும் முதல் ஆளாக இருக்கின்றது. அப்பிள்ளை மூன்று இடங்களில் ‘மிட்’ குடும்பத்தைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும்.

ஒன்று: ‘ஐ சப்மிட்’ என்று இருந்தால் இத்தாளைச் சமர்ப்பிக்கிறேன் என்று பொருள், ‘ஐ அட்மிட்’ என்று இருந்தால் குற்றச்சாட்டை ஒப்புக்கொள்கிறேன் என்று பொருள்படக்கூடும். இரண்டும் ஐந்தாறு எழுத்துச் சொற்களே. கண் விரைந்தால் ஒன்று மற்றொன்றாகத் தோன்றும். பொருள் விளங்காத தாளில் கையொப்பம் இடாமல், படித்தறிந்து தருவதாகக் கூறி அவகாசம் கேட்பதில் குற்றமில்லை. தொழிற்சங்கப் பொறுப்பாளரையோ, ஆசிரியரையோ கேட்டுத் தெளியலாம்.

இரண்டு: சம்பளச் சீட்டில் ‘டிடக்ட்’ என்று இருந்தால் பிடித்தம் செய்யப்பட்டது என்று பொருள். ‘ரிமிட்’ என்று இருந்தால் உரிய இடத்தில் செலுத்தப்பட்டது என்று பொருள். பிடித்தது எல்லாம் செலுத்தப்பட்டது ஆகிவிடாது. 1951ஆம் ஆண்டு தொடங்கிய ஊழியர் சேமநிதிக்கு, அறுபது வயதுக்கு உட்பட்ட குடிமக்களின் சம்பளத்தில் 11 விழுக்காடு பிடிக்கப்படுகின்றது. முதலாளி தம் பங்காக, மாதச் சம்பளம் 5,000 ரிங்கிட்டுக்கு மேற்படாதவர்க்கு 13 விழுக்காடும், மேற்பட்டவர்க்கு 12 விழுக்காடும் சேர்த்து, மறுமாதம் 15ஆம் நாளுக்குள் செலுத்த வேண்டும். அவ்வாறு ரிமிட் செய்யப்பட்டதா என்பதைச் சேமநிதிக் கணக்கறிக்கையில் தொழிலாளரே பார்த்துக்கொள்ளலாம். முதுமைக்கு உதவும் பணம் என்பதால் இதில் அயர்வு கூடாது.

மூன்று: ‘டிஸ்மிஸ்’ என்று கண்டால் தேதியை முதலில் நோக்குக. நியாயமான காரணமின்றி நீக்கப்பட்டதாகக் கருதும் தொழிலாளி, 1967ஆம் ஆண்டின் தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி, நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் முறையிடுதல் வேண்டும். கடிதத்தைப் பெட்டியில் மடித்து வைத்து அழுதுகொண்டிருந்தால் நாட்கள் ஓடிவிடும். பொருள் அறிந்த பிள்ளை அன்றே எடுத்துரைத்தால் பெற்றோர் அன்றே நடவடிக்கை எடுக்கலாம்.

மாணவ மணிகளே! இப்பொறுப்பைக் கண்டு அஞ்ச வேண்டா. தெரியாத சொல்லைத் தெரிந்ததுபோல் மொழிபெயர்த்தல் ஆகாது. ‘இச்சொல் எனக்கு விளங்கவில்லை, அகராதியைப் பார்த்துச் சொல்கிறேன்’ என்று கூறுதலே அறிவுடைமை.

பயிற்சி

கீழ்க்காணும் வாக்கியங்களில் கோடிட்ட இடங்களுக்கு ‘மிட்’ குடும்பத்துச் சொற்களைத் தேர்ந்தெடுத்து நிரப்புக.

1. தம்பிக்குக் காய்ச்சல் கடுமையானதால் மருத்துவமனையில் ______ செய்தனர்.
2. கட்டுரைப் போட்டிக்கான தாளை வெள்ளிக்கிழமைக்குள் ______ செய்க.
3. அண்ணன் சிங்கப்பூரிலிருந்து மாதந்தோறும் வீட்டுக்குப் பணம் ______ செய்கிறார்.
4. ஏடிஸ் கொசு டிங்கிக் காய்ச்சலை ______ செய்கின்றது.
5. பட்டியலை எழுதும்போது ஒருவர் பெயரையும் ______ செய்யாதீர்.
6. பழுதடைந்த பேருந்து கரும்புகையை ______ செய்தது.
7. நூலகத்தினுள் உணவு உண்ண ______ செய்வதில்லை.

விடைகள்: 1. அட்மிட், 2. சப்மிட், 3. ரிமிட், 4. டிரான்ஸ்மிட், 5. ஒமிட்; 6. எமிட், 7. பெர்மிட்.

விடுமுறைக்கு ஒரு வேலை: ‘போர்ட்’ என்று முடியும் ஆங்கில வினைகளைத் தொகுத்திடுக. ‘சுமந்து செல்’ என்பது அவ்வேரின் பொருள். இம்போர்ட், எக்ஸ்போர்ட், டிரான்ஸ்போர்ட், சப்போர்ட், ரிப்போர்ட் என்று தொடங்கலாம். முன்னொட்டு எத்திசையைக் காட்டுகின்றது என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் தமிழிலும் மலாயிலும் பொருள் குறித்துக்கொள்க. பொந்தியான் அன்னாசிப் பழம் எக்ஸ்போர்ட் ஆகின்றதா, இம்போர்ட் ஆகின்றதா என்பதிலிருந்தே தொடங்குவது பொருத்தமாயிருக்கும்.

முடிவாக, ஒரு சொல்லைத் தனியே கற்றால் ஒரு சொல்லே கிட்டும். அதன் வேரைக் கற்றால் ஒரு குடும்பமே கிட்டும். அவ்வேரைத் திறக்கும் திறவுகோல் பெரும்பாலும் தாய்மொழியில் கிடக்கின்றது. ஆகவே தமிழை ஆழ்ந்து கற்போம். தேசியமொழியாம் மலாயைத் திருந்தக் கற்போம். ஆங்கிலத்தை அஞ்சாது கற்போம். மூன்றும் கற்ற பிள்ளை இருக்கும் வீட்டில், எம்மொழிக் கடிதம் வந்தாலும் அதன் பொருள் அறிந்தே கையொப்பம் இடப்படும்.

வாழ்க கல்வி! வளர்க நம் பள்ளி!